கோழி லாரிக்குப் பின்னால் லண்டன்

சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் கிட்டத்தட்ட பதினோராயிரம் கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். இதை ஒரு வாரமாகச் சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மலேசியக் கரையிலிருக்கும் எங்கள் கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

லண்டனில் மறுநாள் மாலை மகளுக்கு வளைகாப்பு. மனைவி முன்பே போய்விட்டாள். கண்ணாடி வளையல்கள் என் பொறுப்பு. பெட்டியை மைத்துனரின் கார் டிக்கியில் ஏற்றிவிட்டு, வளையல்களைப் பாஸ்போர்ட்டோடு தோள்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஸ்கூல் லீவு மச்சான், சீக்கிரம் கெளம்பலாம்னு காலையிலேயே சொன்னேன்ல" என்றார் அவர்.

"தினம் போற பாலம். எனக்கேவா? அரை மணி நேரம் போதும் லா."

தினம் போனேன்தான், மோட்டார் சைக்கிளில். கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போன அந்த அரை மணி நேரத்தைக் காருக்கும் கணக்குப் போட்டுவிட்டேன் என்பது, சுங்கச்சாவடிக்கு வெகு முன்பே கார் நின்ற பிறகுதான் உறைத்தது.

முன்னால் ஒரு கோழி லாரி. கூண்டுக்குள்ளிருந்து கோழிகள் என்னையே பார்த்தன. அவையும் அடைபட்டிருந்தன, நானும் அடைபட்டிருந்தேன். அவற்றுக்குக் காற்றாவது வந்தது. எங்கள் காரில் ஏர்கான் அன்றைக்கென்று மூச்சை நிறுத்தியிருந்தது. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. இந்த விமானத்தை விட்டால் வளைகாப்புக்கு வேறு விமானம் கிடையாது. மகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நின்றது.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். மதிய ஷிப்டுக்குப் போகும் என் தொழிற்சாலைக் கூட்டாளி, மோட்டார் சைக்கிளில்.

"என்னண்ணே, அதுக்குள்ள லண்டன் போயிட்டு வந்துட்டீங்களா?"

"அலமாக், நீ வேற! பிளேன் போயிரும்டா."

"பதினோராயிரம் கிலோமீட்டர்னு அளந்தீங்களே, இந்த ஜாமையும் சேத்தா, சேக்காமயா?" சிரித்தவன், மடியிலிருந்த பையைப் பார்த்தான். "வளையலா? ஏறுங்க லா."

இரவு திரும்பும்போது மனைவியை ஏற்றிவர அவன் மாட்டி வைத்திருந்த ஹெல்மெட், பூப்போட்டது, என் தலையில் ஏறியது.

"பெட்டி?" என்றேன்.

"பெட்டியா, பேரப்புள்ளையா?" என்றார் மைத்துனர்.

ஏறினேன். பள்ளம் வந்தபோதெல்லாம் வளையல்கள் கிணுகிணுத்தன. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

பாலம் தாண்டி டாக்சி பிடித்து, விமானத்தில் கடைசி ஆளாக ஏறி, இரண்டு பருத்த மனிதர்களுக்கு நடுவே மறுபடி அடைபட்டேன். கைபேசியை அணைக்கும்முன் மைத்துனரிடமிருந்து செய்தி வந்தது: "கோழி போயிருச்சு. நான் இன்னும் இங்கதான். வளையல் உடையலியே?"

பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

லண்டனில் பயங்கரக் குளிர் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதற்கென்றே வாங்கிய கோட்டு, பெட்டிக்குள், கெலாங் பாத்தா வெயிலில் வெந்துகொண்டிருந்தது.