செத்த கிருமியும் என் சென்ற வாரப் பத்தியும்

செவ்வாய்க்கிழமை காலை. வாசல் படலையில் சைக்கிள் மணி. எங்கள் பகுதி மிருக வைத்தியர் நின்றார். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் — நான் எழுதிய பக்கம் வெளியே தெரிய மடித்திருந்தார்.

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுதுகிறவன் புத்தி...

“மாஸ்டர், நேற்றுச் சந்தியிலை ஊசி போட நாள் முழுக்க நிண்டன். நாலே நாலு மாடுதான் வந்தது. எல்லாம் உங்கடை வேலை!”

அப்படி என்னதான் எழுதினேன்? மாடுகளின் கால்-வாய் நோய்க்கு வெளிநாட்டில் ஒரு புதுத் தடுப்பூசி செய்து பார்க்கிறார்கள் என்று. கிருமியின் மேலுறைப் புரதத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் ஆய்வுகூடத்தில் தயாரிக்கிறார்களாம். தனித் துண்டை உடம்பு அவ்வளவாகக் கணக்கெடுக்காதாம். பெரிய புரதம் ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தால், அந்தத் துண்டையே குறிபார்த்துத் தாக்கும் பிறபொருளெதிரிகள் உடம்பில் உண்டாகுமாம். பிறகு நிஜக் கிருமி வந்தாலும் அகப்பட்டுவிடும். ‘இந்த ஊசியில் கிருமியே இல்லை!’ என்று உற்சாகமாக முடித்திருந்தேன்.

ஊர் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறது. அப்படியென்றால் இப்போது போடுகிற ஊசியில் கிருமி இருக்கிறது!

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு இராசையா அண்ணை வந்தார். வெங்காயத் தோட்டக்காரர். அவரிடம் இருப்பது ஒரே பசு, அதுவும் நிறைசினை. பண்டத்தரிப்புப் பக்கம் நோய் வந்துவிட்டதாகக் கதை. பிடித்தால் பாலும் போகும், கன்றும் போகும்.

“அது செத்த கிருமி, அண்ணை. மருந்தாலை சாகடிச்சுத்தான் ஊசியிலை போடுறது,” என்றார் வைத்தியர்.

“செத்ததெண்டு ஆர் பாத்தது?”

மடத்தனமான கேள்வியா? இல்லையே! அதே சந்தேகம் இருப்பதால்தானே வெளிநாட்டுக்காரரும் துண்டைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள்?

“அந்தப் புது ஊசி வரட்டும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அது வர எத்தினை வருஷமோ! நோய் அடுத்த கிழமையே வந்திடும்.” வைத்தியர் கோபத்தோடு என் பக்கம் திரும்பினார். “சரி மாஸ்டர், உங்கடை மாடு ஏன் நேற்று வரேல்லை?”

என் மாடு கொட்டிலில் வைக்கோல் தின்றுகொண்டு நின்றது. ஓம், நானும் அனுப்பவில்லை. என் பத்தியைப் படித்து முதலில் பயந்தவன் நான்தான்! வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இப்பவே போடுங்கோ,” என்றேன்.

போட்டார். அண்ணை வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்தார். பின்னேரமும் பார்த்தார். மறுநாள் வந்து மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நான் சொல்வதை நம்பாமல், பால் எத்தனை போத்தல் என்று என் மனைவியிடம் போய்க் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிய, பசுவைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் புறப்பட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“அப்ப கடைசியிலை என்னை நம்பிவிட்டியள், அண்ணை!”

“உங்களையோ? உங்கடை மாட்டை நம்பியெல்லோ போறன்!”