வரிசைக்குக் கீழ்ப்படிந்த கை

ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த வலது கை இலையிலேயே தங்கிவிட்டது. எழ முயன்றேன், பக்கவாட்டில் சாய்ந்தேன். கை வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சில மாதங்களில் காலுக்கு அசைவு திரும்பியது. கைக்குத் திரும்பவில்லை. ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் எழுதிப் பிழைக்கிற குமாஸ்தாவுக்கு வலது கை இல்லையென்றால் மீதி என்ன இருக்கிறது?

"இனி மருந்து இல்லை, கேட்டீரா. வீட்டுல தனியாக் கிடந்தா கை இப்படியே போயிரும். நாலு ஆளோட சேந்து நின்னு அசைக்கப் பாரும்" என்றார் டாக்டர்.

கரமனை ஆற்றோர மைதானத்தில் காலைதோறும் பெரியவர்களுக்கு டிரில் நடந்தது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்வதையே உத்தியோகம் என்று நம்புகிற தெரு எங்களுடையது. எங்கள் தொந்திகளைக் கண்டு பொறுக்காமல் அதை ஆரம்பித்தவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற குட்டன் பிள்ளை. வக்கீலும் குமாஸ்தாவும் வேட்டிக் கச்சத்தை இறுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "சாமிமாரே, கை பொக்கணும்! மேலே, மேலே!" என்று குட்டன் பிள்ளை மலையாளத்தில் அதட்டுவார்.

நானும் போய் அந்த வரிசையில் வெகுநாள் மரம்போல நின்றேன். ஒரு மூடுபனிக் காலையில் எல்லோர் கைகளும் உயர்ந்தபோது, என் தலைக்குமேல் யாருடைய கையோ தெரிந்தது. அதில் என் மோதிரம் இருந்தது. நான் அதைத் தூக்கவில்லை.

"சாமி, பொங்கியல்லோ!" என்று, கை உயர்ந்துவிட்ட சந்தோஷத்தில் குட்டன் பிள்ளை கூவினார். மற்றவர்கள் கையை இறக்கிய பிறகே அது இறங்கியது.

வீட்டில் என் மனைவி அலமேலு எதிரே நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். என் கை தொங்கியது. "நான் தூக்கிக் காட்டினா மட்டும் ஏன் வரமாட்டேங்கறது?" என்று அழுதாள். மறுநாள் மைதானத்தில் மறுபடி உயர்ந்தது. இடது கையால் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. பலர் அசைவதைப் பார்த்தால் மூளை தூண்டப்படலாம் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அவருக்கென்ன, கை என்னுடையது.

ஆடி அமாவாசை வந்தது. வீட்டுக்கு மூத்தவன் நான். எள்ளும் நீரும் வலது கையின் பெருவிரல் பக்கமாக விழுந்தால்தான் அப்பாவுக்குப் போய்ச்சேரும். "உம்ம கையால ஆகாது, ஓய். தம்பி பண்ணட்டும்" என்றார் சாஸ்திரிகள். கை போனதைப் பொறுத்தேன். அப்பாவுக்கு நான் பிள்ளை இல்லையென்று ஆனதைப் பொறுக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அலமேலுதான் வழி சொன்னாள். "இங்கே தனியாப் பண்ணினாத்தானே வராது? ஆத்தங்கரையில வரிசையா உக்காந்து பண்ணுவாளே, அங்கே போய் உக்காருங்கோ."

தூறலில் வரிசையோடு உட்கார்ந்தேன். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லச் சொல்ல எல்லோர் கைகளும் நீண்டன. என் கையும் நீண்டது. இடது கையால் நீர் விட்டேன். எள் கரைந்து பெருவிரல் வழியே போயிற்று. அப்பா பெயரை மூன்று முறையும் சொன்னேன். அந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியாது.

தர்ப்பணம் முடிந்து வரிசை எழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் கிளம்பினார்கள். என் கை மட்டும் நீட்டியபடியே நின்றது. சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. சொம்பில் நீர் தீர்ந்திருந்தது. சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். தன் பையை எடுத்துக்கொண்டு போனார். ஆற்றங்கரையில் கண்ணுக்கு எட்டியவரை யாரும் இல்லை. கை மட்டும் யாருடைய வரிசையோடோ சேர்ந்து அசைந்தது.

அன்றுமுதல் தனியாக இருக்கும்போதும் கை உயர்கிறது. சாப்பிடுகிறேன், கச்சேரிக்குப் போகிறேன். முழுக் குணம் என்கிறார் டாக்டர். என்னைப்போல் விழுந்தவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்: வெட்கப்படாமல் வரிசையில் போய் நில்லுங்கள், பலன் உண்டு.

சில சமயம் எழுதும்போது கை பேனாவோடு அந்தரத்தில் நின்றுவிடும். முன்பெல்லாம் பதறி, இடது கையால் பிடித்து இழுப்பேன். இப்போது இழுப்பதில்லை. அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.