மேடம் கட்டிப்பிடித்த புங்கமரம்

பக்கத்து வீட்டை வாங்கியவர் ஒரு நடிகை என்று தெரிந்த அன்று என் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: "கிழக்கு வீடு விற்றாயிற்று. வாங்கியவர் சினிமாவில் இருந்தவராம்."

அதைப் படித்த என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இருந்தவராமா? அந்தம்மா படம் ஓடினப்ப ஜாக்கெட் தெச்ச காசுலதாங்க நம்ம வீட்டுக்கு மேல்தளம் போட்டோம்!"

அவள் தையல்காரி. வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வருடம் கிழக்கு மதிலோரம் ஒரு புங்கன் நட்டோம். அது நிழல் தரத் தொடங்கியதிலிருந்து அதன் அடியில்தான் அவளுடைய மிஷின் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் மதியம் உட்கார்ந்தால் அவளுக்குத் தலைசுற்றும். மரம் இல்லையென்றால் தொழில் இல்லை.

அந்த நடிகையின் வாழ்க்கையைப் பத்திரிகைக்காரர்கள் படங்களாக எண்ணுவார்கள். என் மனைவி ஜாக்கெட்டுகளாக எண்ணுவாள். முதல் படத்தில் கிராமத்துப் பெண், பஃப் கை. அந்தத் தீபாவளிக்கு இவள் தைத்ததெல்லாம் பஃப் கைதான். பெரிய ஹீரோக்களோடு ஆடத் தொடங்கியதும் பானைக் கழுத்து, முதுகில் முடிச்சு, முடிச்சில் குஞ்சம். அண்ணி வேடத்துக்கு வந்தபோது முழங்கை வரை ஆரி ஊசியால் பூவேலை. பிறகு படமே இல்லை. டிவியில் நடனப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து வாராவாரம் அழுதார்; அழுகைக்குக் கையில்லாத ஜாக்கெட். கடைசியாகச் சுற்றுச்சூழல் ஆர்வலர். கைத்தறிச் சேலை, கழுத்தை மூடிய காலர்.

"இதுல தைக்க இன்னா இருக்குது? கழுத்தே இல்ல," என்றாள் மனைவி. "பூமியக் காப்பாத்தறேன்னு என் பொழப்புல கைய வெக்கிறாங்க."

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் நேரத்தோடு எழுதிவைப்பது பழக்கம். அதனால் சொல்ல முடியும்: காற்று மாசு பற்றி நடிகை தன் வாசலில் நின்று பேசிய வீடியோ நான்கு நிமிடம். எடுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவர் ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று அந்த ஐம்பது நிமிடமும் நின்ற காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற பதாகை பிளெக்ஸில் அச்சாகி வந்தது.

பிறகு அவர் மாடியில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் ஏறின. மறு வாரமே அவருடைய மேனேஜர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"சார், உங்க மரம் எங்க பேனல் மேல நிழல் அடிக்குது. கரண்ட் கம்மியா வருது."

"எந்தக் கிளை?" என்றேன்.

"கிளைய வெட்டினா திரும்ப வளரும் சார். அடியோட எடுத்துட்டா உங்களுக்கும் இலை கூட்டற வேலை மிச்சம். பதிலுக்கு மேடம் பத்து செடி தருவாங்க. சர்டிபிகேட்டோட."

மனைவி மிஷினை நிறுத்தவில்லை. "அந்தப் பத்தும் நிழல் தர வரைக்கும் நான் எங்க ஒக்காந்து தைக்கிறது? மேடம் வீட்டு ஹாலுலயா?"

"சோலார் பூமிக்கு நல்லதுக்கா."

"மரம் இன்னா, பூமிக்குப் பகையா?"

அன்று மாலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். பெரிய மனுஷங்க, அனுசரிச்சுப் போங்க சார் என்றார். அவர் மனைவி அதற்குள் நடிகையோடு மூன்று செல்ஃபி எடுத்திருந்தார்.

நான் ஏழு நாள் மாடியில் நின்று நிழலைக் கவனித்தேன். மூன்று நாற்பதுக்குத்தான் அது பேனலைத் தொடுகிறது. அதுவும் மூன்றே பேனல்களை. கோடு போட்ட தாளில் அட்டவணையாக எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

"திங்கக்கிழமை வெட்டற ஆள அனுப்பட்டுமா சார்?"

முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பார்க்கலாம்," என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"பாக்கலாம்னீங்களா? கோடு போட்டு அட்டவண எழுதத் தெரியுது, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல," என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை மேனேஜரே வந்தார், பின்னால் கேமராக்காரர்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். மேடம் மரத்தக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒரு ஷாட் வேணும்."

"உங்க தோட்டத்துல செடிங்க இருக்குதே?"

"முழங்கால் ஒசரம்தான்கா இருக்குது," என்றார் கேமராக்காரர். "மேடம் படுத்துக்கினுதான் கட்டிப்புடிக்கணும்."

"அதுக்காக நாளைக்கி மறுநாள் வெட்டப்போற மரத்தயா புடிப்பாங்க?"

கேமராக்காரர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"தாராளமா புடிக்கட்டும். ஆனா இந்த மரத்த யாரும் வெட்டக்கூடாதுன்னு மேடம் வாயால சொல்லணும். அத வீடியோல வெட்டாம போடணும்," என்றாள் மனைவி.

நடிகை வந்தார். "இந்த வேப்பமரம்..." என்று தொடங்கினார். "புங்கம்," என்றாள் மனைவி. மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவை கண்ணில் நீர் சரியான இடத்தில் வந்தது. கிளிசரின் இல்லை, கிட்டத்தில் நின்று பார்த்தேன், அந்தத் திறமையை மறுக்க மாட்டேன். "என் கொழந்த மாதிரி வளத்த மரம். இத யாரையும் வெட்ட விடமாட்டேன்," என்று இரு கையாலும் மரத்தை இறுக்கினார். ஜாக்கெட்டின் தோள்பட்டைத் தையல் விட்டுப்போயிற்று.

என் மனைவி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஊசியில் நூல் கோத்து, போட்டபடியே தைத்துக் கொடுத்தாள்.

"இங்க நல்லா சில்லுனு இருக்கே," என்றார் நடிகை.

"அதுக்குத்தாங்க வெட்டாதீங்கன்னு கேக்கறோம்."

"யாரு வெட்டறா?"

என் மனைவி மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் போனைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஆள் வந்தார். மரம் வெட்ட அல்ல, மூன்று பேனல்களைக் கழற்றித் தெற்கு ஓரத்தில் மாட்ட. வீடியோவில் மனைவி கேட்ட வாக்கியம் வெட்டப்படாமல் வந்திருந்தது. "என் கொழந்த மாதிரி வளத்த மரம்" என்பதும் வந்திருந்தது.

இப்போது பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் ஆட்டோ பிடித்து வீடியோ மரத்தைப் பார்க்க எங்கள் தெருவுக்கும் வந்துவிடுகிறார்கள். யாரோ ஒருவர் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். போன மாதம் ஒருவர், "மேடம் வெச்ச மரம் இதுதானே?" என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், கன்று நட்ட நாளின் டைரியை எடுத்துவந்தேன். குழியின் ஆழம், கன்றின் உயரம், யார் மண் தள்ளியது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

அவர் முழுவதும் பொறுமையாகப் படித்தார்.

"டைரில யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம் சார். இது வீடியோல வந்திருக்குது."

நான் பக்கத்தின் மேலே இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினேன். மனைவி மிஷினிலிருந்து தலை தூக்கினாள்.

"போட்டோ எடுத்தாச்சா? ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது, நூல் கோக்கணும்."