மூன்றாம் ஓலை

தேவகனி வீட்டைவிட்டு இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு துணிப்பை, ஒரு குடை. ஆராதனை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று அவளுடைய கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபையில் மூன்றாவதும் கடைசியுமான முறையாக வாசித்தார்கள். ஓலை வாசிக்கிற நாளில் மணப்பெண் கோயிலுக்கு வருவதில்லை. வெட்கப்பட்டு வீட்டில் இருக்கவேண்டும். இவளோ வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவர் பெயரையும் வாசித்த போதகர், "யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் சொல்லலாம்" என்றபடியே தாளைத் திருப்பினார். தேவகனி எழுந்தாள்.

"எனக்கு உண்டு."

வீட்டு வாசலில் வைத்து அண்ணன் யேசுரத்தினம் கத்தினான்: "இத வீட்டுல சொல்லதுக்கு என்னட்டி?"

"வீட்டுல ஆரும் கேக்கல்லியே. போதகர் கேட்டாரு, சொன்னேன்."

அப்படியே கீரிப்பாறைக்குப் பஸ் ஏறினாள். இன்றைக்குப் பதினேழு வருஷமாக அங்கே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. கல்யாணத்துக்கென்று அம்மா எடுத்த பச்சைப் பட்டு, அவள் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. சிரட்டைகளில் பால் நிறையும்வரை பாறைமேல் கால்நீட்டிக் கட்டன்சாயா குடிப்பாள். கூட வெட்டுகிற தங்கபாய் சீண்டுவாள்: "ஏட்டி, ஒனக்கு இந்த மரந்தானா மாப்பிள்ள?"

"மரத்துக்குச் சமச்சுப் போடாண்டாமே, மக்கா."

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோயில் உண்டு. இருந்தும் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி அதே பழைய கோயிலுக்குத்தான் வருவாள், அதே இரண்டாவது பெஞ்சுக்கு. ஆரம்பத்திலேயே சபைக் கமிட்டியார் மன்னிப்புக் கடுதாசி கேட்டார்கள். "கேட்டதுக்குப் பதில் சொன்னதுக்கா மன்னிப்பு?" என்றாள். அன்றிலிருந்து அவளோடு யாரும் உட்காருவதில்லை. குடையைப் பெஞ்சில் நீளவாக்கில் வைத்துக்கொண்டு, எல்லாரையும்விட உரக்கப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் அவள் கண் அண்ணன் குடும்பத்தின் பெஞ்சுக்கு ஒருமுறை போய்வரும். அங்கிருந்து யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, கோயில் படியேறும்போது போனில் ஒரு குரல்பதிவு வந்தது. அண்ணன் மகள் ஸ்மைலின்.

"அத்தே, எனக்கு மாப்பிள்ள பாத்தாவ. ஓலைக்கு எழுதிக் குடுக்கதுக்கு முன்ன அப்பா எனக்ககிட்ட வந்து, 'சம்மதமா மக்கா, இப்பமே சொல்லிரு'ன்னு கேட்டாவ. வேண்டாம்னேன். செரின்னுட்டாவ. இன்னைக்கு உங்களுக்க பக்கத்துலதான் இருப்பேன்."

தேவகனி அதை இரண்டுமுறை கேட்டாள். உள்ளே போய், பெஞ்சில் வைத்த குடையை எடுத்துக் காலடியில் போட்டாள்.