பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்த கடிதம்

அந்த இன்லண்ட் லெட்டர் என் வீட்டுக்கு வரவில்லை, நான் வேலை பார்க்கும் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று, "டீச்சர், உங்களுக்குத்தாங்க. இப்பல்லாம் யாருங்க இத எழுதறாங்க" என்று நீட்டினார். வரியின் முடிவில் கீழே சரிந்துவிடும் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருடமாவது ஆகியிருக்கும்.

எழுதியவள் என் தோழி. திருப்பத்தூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. அவள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளியின் மகள். நான் ஜமுனாமரத்தூருக்கு உள்ளே, சாமை விதைக்கிற வீட்டுப் பெண். படிப்பு முடிந்து அவள் தெற்கே போனாள், நான் மலையேறிவிட்டேன். மாதத்துக்கு ஒன்றென்று பல வருடம் எழுதிக்கொண்டோம். கைபேசி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுகிறோமே என்று ஆனது. நிறுத்துவோம் என்று இருவரும் சொல்லவில்லை, தானாக நின்றுபோனது.

பிறகு என் கணவர் புளி உலுக்க மரமேறி விழுந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று சொல்லி அனுப்பினார்கள். விடிவதற்கு முன் எழுந்து அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, களி கிண்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மதியம் ஓடிவந்து மறுபடி புரட்டுவேன். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு நினைப்பே இல்லாமல் இரண்டு வருடம் போயிற்று. எங்கள் வீட்டில் கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில். அது அவர் கட்டிலுக்கு மேலே இருக்கிற ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை தோழி கூப்பிட்டால் அவர் தலைமாட்டில் நின்றுதான் பேசியாக வேண்டும். எப்படி இருக்கிறாய் என்பாள். நல்லா இருக்கோம் என்பேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

நீலத் தாளில் நாலே வரி இருந்தது. "ஏட்டி, ஃபோன்ல பேசுறது நீ இல்ல. பக்கத்துல அண்ணன் இருக்காருன்னு தெரியுது. எனக்கு எழுது. பதில் பள்ளிக்கூடத்துக்கே போடுறேன், யாரும் பாக்க மாட்டாங்க."

பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் ஏழு பக்கம் எழுதினேன். ஐந்தாவது பக்கத்தில் அதையும் எழுதிவிட்டேன்: ஒரு நாள் காலை அவரைப் புரட்டும்போது, அன்றைக்கே மரத்தடியில் இவர் போய்ச் சேர்ந்திருந்தால் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்குமே என்று நினைத்தேன் என்று. சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் தபால் பெட்டியில் போட்ட உடனே உள்ளே கை விட்டு எடுத்துவிடலாமா என்றிருந்தது.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. அப்படி நினைக்காதே என்று அவள் எழுதவில்லை. "எங்கப்பா கால் புண்ணோட கெடந்தப்ப எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அன்னைக்கு மதியமே அவருக்குப் பிடிச்ச சாளை மீன் குழம்பும் வச்சேன். ரெண்டும் நான்தான்." அதைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்றாவது போகும், வரும். வேலை ஒன்றும் குறையவில்லை, இடுப்பு வலியும் போகவில்லை. ஆனால் புரட்டும்போது கை முரட்டுத்தனமாக இழுப்பது நின்றிருந்தது.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால், தபால்காரர் நல்லெண்ணத்தில் கடிதத்தை வீட்டிலேயே கொடுத்துவிட்டார். நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். குடத்தோடு திரும்பியபோது அது பிரித்தபடி அவர் மார்மேல் கிடந்தது. "அண்ணன் அன்னைக்கே போயிருக்கலாம்னு இன்னும் தோணுதா?" என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தாள். அவர் எட்டாவது வரை படித்தவர். அன்று மதியம் கொடுத்த களியைச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் காலை புரட்டும்போது சுவரைப் பார்த்தபடி சொன்னார். "எனுக்கும் அப்டித்தான் தோணும். உன்னாண்ட இன்னான்னு சொல்றது?"

நான் அவர் முதுகைத் துடைத்து முடித்தேன்.

"எனுக்கு ஒரு தாள் குடு. அந்தம்மாவுக்கு எழுதணும்."

மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. பள்ளிக்கூடத்துப் பென்சில் ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். மூன்று நாள் எழுதினார். சோற்றுப் பருக்கை வைத்துத் தானே ஒட்டினார். நான் பிரிக்காமல் கொண்டுபோய்ப் போட்டேன்.

இப்போது தெற்கேயிருந்து இரண்டு கடிதம் வருகிறது, அவர் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று. போன மாதம் அவருடையதைக் கையில் கொடுத்துவிட்டு, "அவ இன்னா எழுதறா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"உன்னுதுல இன்னா இருக்குதுன்னு நான் கேக்கறனா?" என்றார்.