மோர் கரித்த வருடம்

எங்கள் உறவினர் எதையும் ஆண்டு சொல்லி நினைவு வைப்பதில்லை. மேற்கு வளவில் கிணறு வெட்டியது புயலுக்கு அடுத்த வருடம். அப்பாவின் வெங்காயம் சந்தையிலேயே அழுகியது லொறிகள் ஓடாத வருடம். மாமாவின் சோடா விலைப்படத் தொடங்கியது மோர் கரித்த வருடம். அந்த மோருக்கு உப்புப் போட்டவர் மாமி. அப்போது பக்கத்தில் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு எட்டு வயது.

மாமி அப்பாவின் தங்கை. மாமா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். சிங்களச் சோதனை எழுதினால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்று வந்தபோது அதை எழுதாமல், ஒரு தகரப் பெட்டியும் ஒரு பழைய சோடா மெசினுமாக ரயிலேறிச் சுன்னாகத்தில் வந்து இறங்கினார். பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மெசினைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், புகையிலை உலர்த்தும் பழைய குடிலில் அது வைக்கப்பட்டது. பெரிய இரும்புச் சக்கரம், வாயுச் சிலிண்டர், கழுத்தில் போளை என்ற கண்ணாடிக் குண்டு அடைத்த பச்சைப் போத்தல்கள், அவை வெடித்தால் முகத்தைக் காக்க ஒரு கம்பி வலை. குடிலுக்குள் புகையிலை மணம் கடைசிவரை போகவில்லை.

சீனி கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம். கலர் சோடாவுக்கான எசென்சும் கப்பலில் வந்தால்தான் உண்டு. மாமா அதற்காகக் காத்திருக்கவில்லை. பனங்கட்டி, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு மூன்றையும் வைத்துத் தன் சோடாவைச் செய்யத் தொடங்கினார். சாவகச்சேரியிலிருந்து ஒரு பனங்கட்டி வரும், பளையிலிருந்து இன்னொன்று வரும். இரண்டையும் தனித்தனியே காய்ச்சி வடித்து ஆறவிடுவார். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்லி ஆளுக்கு ஒரு வாய் தருவார்.

"எங்கை எரியுது? நாக்கிலையோ, தொண்டையிலையோ?"

"நாக்கிலை."

"அப்ப சரிவரேல்லை."

அவ்வளவுதான். அன்று காய்ச்சியது முழுவதும் வாழையடிக்குப் போய்விடும். இஞ்சி நாக்கில் எரிந்தால் அது பழைய இஞ்சி என்பது அவருடைய கணக்கு. தொண்டையின் அடியில், விழுங்கிய பிறகுதான் எரிய வேண்டும். மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சோடா என்றால் அவருக்கு ஏப்பம்தான், எங்கள் பேச்சில் ஏவறை.

"ஊத்துங்கோ, ஊத்துங்கோ. வாழை ஏவறை விடப்போகுது."

"நீயும் ஒருக்காக் குடிச்சுப் பாத்துச் சொல்லன்."

"எனக்கேன் உந்த வில்லங்கம்? ஏவறை விக்கிற மனுசனுக்குக் கழுத்தை நீட்டினது போதாதோ?"

மாமி அந்தச் சோடாவை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அவர்கள் இருவருக்கும் சோடா விஷயத்தில் பகை என்றே நான் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் இஞ்சி எல்லோருக்கும் தொண்டையில் எரிந்தது. சோடா சரிவந்துவிட்டது. இனி வரவேண்டியது வாங்கிக் குடிப்பவர்கள்தான். பனங்கட்டி சேர்ந்ததால் அது மண்ணிறமாக இருந்தது. உடைத்தவுடன் நுரைத்தது. முகர்ந்தால் பனை மணத்தது. சந்தியில் யாரோ ஒருவர், "உது சோடா இல்லை, படிச்ச கள்ளு" என்று சொல்லிவிட்டார். கிளாக்கர் செய்ததால் படித்த கள்ளு. அந்தப் பேச்சு மாமாவின் சைக்கிளை விட வேகமாக ஊரைச் சுற்றியது. கடைக்காரர்கள் தட்டில் அடுக்கி வைத்தார்கள், விற்க முடியவில்லை. சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் குடித்துப் பார்த்து நல்லதென்றார்கள். நாலு பேர் பார்க்கக் குடிக்க ஒருவரும் இல்லை.

அப்பா கோபக்காரர் அல்லர். ஒரு மாலை குடிலுக்கு வந்து, போத்தல் கழுவிக்கொண்டிருந்த மாமாவுக்கு எதிரே குந்தினார்.

"மச்சான், தேர்த்திருவிழா வரைக்கும் பாப்பம். அண்டைக்கும் ஓடாட்டி மெசினைக் குடுத்துப்போடுவம். அநுராதபுரத்திலை பெரியண்ணையின்ரை கடைக்குக் கணக்கெழுத ஆள் வேணுமாம்."

மாமா கழுவிய போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம்" என்றார்.

மாமி அப்போது விறகு எடுக்க வந்திருந்தார். விறகை எடுத்துக்கொண்டு போனார்.

தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் எங்கள் குடும்பத்தின் உபயம். வடக்கு வீதியில் பந்தல் போட்டு, வருகிற எல்லோருக்கும் மோர் கொடுப்போம். அந்த மோருக்குப் பெயர் இருந்தது. பெயருக்குக் காரணம் மாமியின் கை. பந்தலில் பிள்ளையார் படம் ஒன்று இருக்கும். முதல் செம்பு அவருக்கு. அவருக்குப் படைக்கும்வரை மோரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. ஆகையால் உப்பு, புளிப்பு எல்லாம் கைக்கணக்கு, கண்கணக்கு. கலியாண வீடு, இறந்தவருக்கான அந்தியேட்டி வீடு எங்கே ஆனாலும் பெரிய பானைக்கு உப்புப் போட மாமியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை பிழைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வருடம் பந்தலுக்கு எதிரே, ஒழுங்கையென்ற குறுகிய பாதையின் மறுபக்கம், மாமா ஓலைக் கிடுகால் ஒரு சாய்ப்புக் கொட்டில் இறக்கிப் போத்தல்களை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கியிருந்தார். புருசன் விற்கிறார், எதிரே பெண்சாதி சும்மா கொடுக்கிறார். வந்தவர்களுக்குச் சிரிக்க அதுவே போதுமாக இருந்தது.

"சோடாவுக்குப் போட்டி வெளியிலை இல்லைப் போலை" என்று ஒருவர் மாமாவிடம் சொன்னார்.

"வீட்டிலை தோத்தால் குறைச்சல் இல்லை" என்றார் மாமா. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

காலையில் மாமி தேசிக்காய் பிழிந்து, பச்சைமிளகாய் வெட்டிப் போட்டு, ஒவ்வொரு பானைக்கும் ஒரு சிறங்கை உப்புப் போட்டுக் கலக்கினார். பிள்ளையாருக்கு ஒரு செம்பு மொண்டு படத்தின் முன்னால் வைத்தார். கும்பிட்டார். எதிர்ச் சாய்ப்பைப் பார்த்தார். மாமா ஒரு போத்தலைத் துடைத்து வைத்து, அதையே மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமி திரும்பி வந்து உப்புச் சட்டிக்குள் கைவிட்டு, முதலாவது பானையிலிருந்து மறுபடி போட்டுக்கொண்டு வந்தார்.

"மாமி, உப்புப் போட்டாச்சு."

"எனக்குத் தெரியும். நீ கறிவேப்பிலையைக் கிள்ளு."

பெரியவர்களுக்குத் தெரியும் என்றால் தெரியும்தான். நான் கிள்ளினேன்.

கோயில் பந்தலில் சும்மா கொடுப்பதை யாரும் குறை சொல்வதில்லை. ஆட்கள் மோர்ப் பேணியை வாங்கினார்கள், குடித்தார்கள், கண்ணைச் சற்று இடுக்கினார்கள், "நல்லாயிருக்கு" என்றார்கள், போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோயில் கிணறு அபிஷேகத்துக்கும் மடைப்பள்ளிக்கும் மட்டும்தான். அடுத்த கிணற்றுக்குப் போவதென்றால் தேர் வடத்தைப் பிடித்து நிற்கும் அத்தனை சனத்தையும் விலத்திப் போக வேண்டும்.

தேருக்குப் பின்னால் தேவாரம் பாடி வந்தவர் எங்கள் ஊர்ச் சட்டம்பியார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுவிலக்குக் கூட்டங்களில் தலைமை வகிப்பவர். பாடிக் காய்ந்த தொண்டையோடு வந்து மோர் கேட்டார். மரியாதைக்கு இரண்டு பேணி கொடுத்தார்கள். மரியாதைக்கு அவரும் இரண்டையும் குடித்தார். பிறகு நாக்கால் உதட்டைத் துடைத்தபடி எதிர்ச் சாய்ப்பைப் பார்த்தார். பார்த்தவர் ஒழுங்கையைக் கடந்தார்.

"தம்பி, உதுக்குள்ளை கள்ளுக் கிள்ளு இல்லையே?"

"இல்லை ஐயா. பனங்கட்டி, இஞ்சி, தேசிக்காய். சத்தியம் பண்ணமாட்டன். குடிச்சுப் பாருங்கோ."

"பாடவேணுமடா நான்."

"பாடத்தான் தாறன்."

போளை உள்ளே விழுந்த சத்தம் எங்கள் பந்தல்வரை கேட்டது. சட்டம்பியார் சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார். ஊர் முழுவதும் அந்த முதுகைப் பார்த்தது. குடித்து முடித்ததும் பெரிய ஏவறை ஒன்று வந்தது. அவர் திரும்பினார்.

"இன்னொண்டு உடை."

அதற்குப் பிறகு மாமாவுக்கு நிமிர நேரம் இருக்கவில்லை. சட்டம்பியார் குடித்ததை யார் கள்ளு என்று சொல்வது? தேர் நிலைக்கு வருமுன்பே ஈரச் சாக்குகள் வெறுமையாகிவிட்டன. மெசின் எங்கும் போகவில்லை. மாமாவும் அநுராதபுரத்துக்குப் போகவில்லை. சில வருடங்களில் அந்தச் சோடா ஒரு பக்கம் இணுவில், மறுபக்கம் தொண்டைமானாற்றுக் கடைகள் வரைக்கும் போனது.

மாமிக்கு நடந்தது வேறு. அன்று பின்னேரமே உறவுப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னடி, உன்ரை கைக்கு என்ன வந்தது?"

"கை தவறிப்போச்சு."

"புருசனோடை கோவமெண்டால் மோரிலையே காட்டுறது?"

மாமி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் பந்தல் மோர் பெரியம்மாவிடம் போனது. அதன்பின் எந்தக் கலியாண வீட்டிலும் மாமியை உப்புப் போடக் கூப்பிடவில்லை. "அவளிட்டை மட்டும் உப்புச் சட்டியைக் குடுத்திடாதேங்கோ" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், மாமியும் சிரிப்பார். அந்தப் பகிடி வரும் நேரம் மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவிக்கொண்டு குடிலுக்குப் போய்விடுவார். பெண்சாதியின் பிழைக்காக வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

தேரன்று எனக்கும் சிறிது பெயர் கிடைத்தது. எல்லாம் முடிந்தபின் பிள்ளையாருக்கு வைத்த செம்பை எடுத்து எனக்குக் குடிக்கத் தந்தார்கள். அந்த மோர் கரிக்கவில்லை. அளவான உப்பு, வழக்கமான மாமியின் மோர். நான் ஓடிப்போய், பிள்ளையார் தன் செம்பில் உப்பைக் குறைத்துவிட்டார் என்று எல்லோருக்கும் சொன்னேன். வாங்கி ருசி பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா எனக்குத் திருநீறு பூசினார். மாமி மட்டும் என்னை ஒரு கணம் பார்த்து, "அப்பிடியே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பானையை எடுத்தார்.

பின்னாளில் இரசாயனம் படிக்கப் போனபோது முதல் செய்முறை வகுப்பில் சொல்லித் தந்தது இது: எதையும் சேர்த்துப் பார்க்குமுன், சேர்க்காத மாதிரியில் கொஞ்சத்தை வேறாக எடுத்து வைத்துவிட வேண்டும். நான் எடுத்து வைத்தேன். குவளையை மேசையில் வைத்த பின்னும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தக் காலை நடந்தவற்றை நான் வரிசை தவறாமல் பார்த்திருந்தேன். முதலில் உப்பு. பிறகு பிள்ளையாரின் செம்பு. பிறகு மறுபடி உப்பு. யார் கேட்டிருந்தாலும் அப்படியே ஒப்புவித்திருப்பேன். செம்பு ஏன் நடுவில் வந்தது என்பதுதான் அந்தக் குவளையைப் பிடிக்கும்வரை எனக்குத் தெரியாது.