சின்னம்மா மிச்சம் வைக்கவில்லை

கொழும்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. கோயிலுக்கு வருவார்கள், அல்லது சாப்பாட்டுக் கடைக்கு வருவார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய் நின்றதுபோல, "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று ஆரம்பிப்பார்கள். சரிவந்தால் தெய்வச் செயல். சரிவராவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. பெண்ணின் பெயர் கெடாமல் இருக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது என்று என் பெரியம்மா சொல்லுவார். அந்த நாகரிகம் என் சின்னம்மாவை என்ன பாடு படுத்தியது என்பதை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிள்ளை ஒன்று கூட இருந்தால் குடும்பமாகச் சாப்பிட வந்ததுபோல இருக்கும் என்பதற்காக என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த எங்கள் பிளாட்டில் எங்களோடுதான் இருந்தார். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, சாதகத்திலோ செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் பொருந்தும் என்பதால் வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் லண்டனில் ஒருவருக்குச் செவ்வாய் சரியான இடத்தில் இருப்பதைத் தரகர் கண்டுபிடித்தார். அன்றைக்கே அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

தரகர் சாதகத்தோடு ஒரு கதையும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கொழும்புக்கு வந்த கையோடு வேறொரு பிள்ளையைப் பார்த்தவராம். அந்தப் பிள்ளை பெரிய ஹோட்டலில் போய் இருந்துகொண்டு கரண்டி பிடிக்கத் தெரியாமல் முழித்ததாம், சோறு இல்லையோ என்று கேட்டதாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்ததாம். உண்மையா பொய்யா என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த நாளே பெரியம்மா கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார், தன் மேல்வீட்டுக் கத்தோலிக்க அன்ரியிடம் இரவல் வாங்கிய கத்தியும் முள்ளுக்கரண்டியுமாக.

"அவர் என்ன ஓடர் பண்ணுறாரோ அதையே நீயும் சொல்லு. அவர் எப்பிடிச் சாப்பிடுறாரோ அப்பிடியே சாப்பிடு. வெளிநாட்டில போய்ச் சீவிக்கக் கூடிய பிள்ளை எண்டு தெரிய வேணும். விளங்குதோ?"

"ஓம் அக்கா," என்றார் சின்னம்மா.

அந்தக் கிழமை முழுக்க சின்னம்மா காலையில் வேலைக்குப் போகுமுன் பேக்கரிப் பாணைக் கத்தியால் வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிட்டார். பாண் வழுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய் விழும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், அவரும் சிரிப்பார். இரவில் பொரித்த பாரைமீனிலும் பயிற்சி நடந்தது. முள் இருக்கிற மீனை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவது மனிதரால் முடியாத காரியம் என்று அப்பா சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இடத்தை மாப்பிள்ளைதான் தெரிவுசெய்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஸ்டேக் கடை. போனில் விஷயத்தைக் கேட்ட பெரியம்மா அப்பாவிடம் திரும்பி, "ஸ்டேக் எண்டா என்ன?" என்றார். "மாட்டிறைச்சி," என்றார் அப்பா.

நாங்கள் சைவக்காரர் என்றால், செவ்வாய், வெள்ளி தவிர்ந்த நாட்களில் மீன், நண்டு, கோழி, ஆடு எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கிற சைவக்காரர். ஆனால் மாடு என்ற சொல்லைச் சாப்பாட்டு மேசையில் உச்சரிப்பதே பாவம். "கோழியும் இருக்கும்தானே?" என்று அம்மா இழுத்தார். "அவர் கோழி சொன்னாக் கோழி. வேற ஏதும் சொன்னா அது. ஒரு நாளைக்குத்தானே," என்று பெரியம்மா முடித்துவைத்தார். அம்மா சாமியறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சின்னம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பெரியம்மா பஞ்சாங்கத்தை எடுத்து, ஞாயிறு மத்தியானம் நல்ல நேரம் எப்போது என்று பார்த்தார். மாட்டிறைச்சிக் கடைக்கு நல்ல நேரம் பார்த்துப் போன குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அம்மா வரவில்லை. அப்பா, பெரியம்மா, சின்னம்மா, நான் என்று நால்வரும் வாடகைக் காரில் போனோம். ஓட்டோவில் போய் இறங்கினால் மரியாதை இல்லை. கடைக்குள் குளிர் நடுக்கியது. சுவரில் ஒரு மாட்டின் படம், உடம்பெல்லாம் கோடு போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் எழுதி. பள்ளிக்கூடத்தில் மாகாணங்களைக் காட்டுகிற இலங்கைப் படம்போல இருந்ததால் நான் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. அதை இப்போதும் சொல்லுகிறேன், சொல்லத்தான் கசக்கிறது. மெல்லிய குரல், நல்ல சிரிப்பு, எனக்கு ஒரு பெரிய சொக்லேட் கொண்டுவந்திருந்தார். சின்ன வயதிலேயே வெளியே போனவர் என்பதால் கொழும்பு அவருக்குப் பிறநாட்டு ஊர் மாதிரி. வந்து மூன்று கிழமைக்குள் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். கொட்டாஞ்சேனையில் தெருவோரம் நின்று கொத்துரொட்டி சாப்பிட்டாராம், புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் கடையில் புரியாணி சாப்பிட்டாராம். "பட் நல்ல ஸ்டேக் எண்டா இந்த ஊரில கஷ்டம். இது நொட் பாட்," என்றார். பிறகு லண்டன் ஸ்டேக் கடைகளைப் பற்றி அவர் கதைக்கக் கதைக்க, பெரியம்மா கோயில் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் அவருடைய தாய். நெற்றி நிறையத் திருநீறு. வெயிட்டர் வந்ததும், தனக்கு மரக்கறி சூப் போதும் என்றார். அப்பாவும் உடனே எட்டிப் பிடித்து, வெயிட்டரைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, எனக்கும் அதுதான்," என்றார். மேசைக்குக் கீழே பெரியம்மா அவருடைய காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஸ்டேக் சொன்னார், உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சின்னம்மா, "சேம்," என்றார். ஒரு கிழமையாக மனப்பாடம் செய்த சொல், பிசகாமல் வந்தது.

இரண்டு பீங்கான்கள் வந்தன. மாப்பிள்ளை கத்தியை வைத்து இழுத்ததும் அடியில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. சின்னம்மாவும் வெட்டினார். பாணில் பழகிய கைக்கு இறைச்சி இடம் கொடுக்கவில்லை என்றாலும் அவர் விடவில்லை. சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாக வாயில் வைத்து, உடனே தண்ணீர் குடித்தார். வெயிட்டர் திரும்பத் திரும்பத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல்தான் தந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய துண்டு முழுவதும் சின்னம்மாவுக்கா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"யூ லைக் இட்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஓம், நல்லா இருக்கு."

அப்போதுதான் தாய் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. "பிள்ளை வீட்டிலயும் இது சாப்பிடுறனீரோ?"

சின்னம்மா பெரியம்மாவைப் பார்த்தார். இல்லை அம்மா, இன்றைக்குத்தான் முதல்தரம், உங்கள் மகன் சாப்பிடுகிறாரே என்று சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாமே வேறு மாதிரி நடந்திருக்கும். ஆனால் பெரியம்மா முந்திக்கொண்டார்.

"அவ எல்லாம் சாப்பிடுவா. பழக்கம்தானே. எங்கட வீட்டில அந்தக் காலத்துக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லை."

"அப்பிடியோ," என்றார் தாய். பிறகு அவர் சூப்பைத் தொடவில்லை. சின்னம்மா குனிந்து மிச்சத்தை வெட்டத் தொடங்கினார். கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். மாப்பிள்ளைகூடக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்.

பதில் திங்கட்கிழமையே வந்தது. தாய்க்கு மனம் ஒப்பவில்லையாம். மாடு தின்னுகிற பிள்ளை நாளைக்குத் தன் சாமியறைக்குள் எப்படிக் கால் வைப்பது என்று கேட்டாராம். மகன் தின்னுகிறாரே என்று அப்பா போனில் கேட்டேவிட்டார். அவர் ஆம்பிளை, வெளிநாட்டில் வளர்ந்தவர் என்று தரகர் சொன்னார். மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாராம்: "என்னை மாதிரி ஒருத்தி வேணுமெண்டா நான் ஏன் இவ்வளவு தூரம் வாறன்? அங்கேயே எடுத்திருப்பன்தானே."

பெரியம்மா கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கழுவித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். "நான் என்ன முழுக்கத் தின்னச் சொன்னனானே? ஒரு வாய் வைச்சிட்டு விடுறதுக்கென்ன? வழிச்சுத் துடைச்சுத் திண்டிருக்கிறாள்." சொன்னது கூடத்தில் என்றாலும் அறைக்குள் இருந்த சின்னம்மாவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அம்மாவோ, கோயிலுக்குப் போய் அருச்சனை செய்துவரும்வரை விளக்கில் கை வைக்க வேண்டாம் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டார். தேங்காய் உடைத்ததும் அவர்தான், வாசலில் நின்று திருநீறு பூசி வழியனுப்பியதும் அவர்தான். ஒன்றுமே நடக்காத அந்தச் சந்திப்பின் கதை ஒரு மாதத்துக்குள் வெள்ளவத்தையில் இருந்து பாமன்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களும், "அந்த மாடு சாப்பிட்ட பிள்ளையோ?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் போயின. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தின்ன வைத்தவர்களுக்கு வயிறும் நோகவில்லை, பெயரும் கெடவில்லை.

சின்னம்மா கலியாணம் செய்யவில்லை. இப்போதும் அதே பிளாட்டில்தான் இருக்கிறார். பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில், ஏன் முழுவதையும் சாப்பிட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "பாதியில விட்டா, சாப்பிட்ட பாதியும் வீணாப் போயிடுமெண்டு நினைச்சன்," என்றார்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருவது அந்த ஞாயிறு பின்னேரம்தான், பதில் ஒன்றும் வந்திராத நேரம். சூப்பும் சலாட்டும் சாப்பிட்ட அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நல்ல பசி. வெள்ளவத்தைக்கு வந்ததும் காலி வீதியில் எங்கள் ஒழுங்கைக்கு எதிரே இருந்த சைவக்கடை வாசலில் இறங்கிக் காரை அனுப்பிவிட்டார்கள்.

"நான் வரேல்லை அத்தான், நீங்கள் போங்கோ," என்றார் சின்னம்மா.

"அப்ப வீட்டை போமன்," என்றார் அப்பா.

"தனியப் போகாதை," என்றார் பெரியம்மா. "ஒழுங்கையில பாக்கிறவை என்ன நினைப்பினம்? நில்லு, சேர்ந்து போவம்."

அப்படியே வாசலுக்கு வெளியே நடைபாதையில் சின்னம்மா நின்றார். புதுச் சேலை, தலையில் காலையில் வைத்த பூ. உள்ளே வந்தால் சாமி படங்களுக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட வேண்டும் என்பதோ, அந்த வாயோடு அவரால் அது முடியாது என்பதோ எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய துண்டைச் சாப்பிட்டவருக்கு எப்படிப் பசிக்கும் என்றுதான் நினைத்தேன். நான் கண்ணாடிப் பக்கக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். நெய்த் தோசை வந்ததும் அதை உயர்த்திச் சின்னம்மாவுக்குக் காட்டினேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் துடைத்தார். பஸ்கள் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன, அவர் துடைத்துக்கொண்டே நின்றார். உதட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதாக அவர் நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. கண்ணாடியில் முகத்தை வைத்து நன்றாகப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அதனால் நெய்க் கையை ஆட்டி ஆட்டி, ஒண்டும் இல்லை, எல்லாம் போயிட்டுது என்று அவருக்குச் சைகை காட்டினேன்.